ஆர்டிஸ்ட் மாமாவும் வெள்ளச்சியின் முகமும்

"போட்டோ இருக்குதாம்மா?" என்று ஆர்டிஸ்ட் மாமா கேட்டார்.

"இல்லீங்க."

"பள்ளிக்கூடத்துல எடுத்தது? யாரு வூட்டு கல்யாணத்துலயாவது கும்பலா நின்னு எடுத்தது?"

"எதுவும் இல்லீங்க. எங்க ஊர்ல யாரு போட்டோ எடுக்கறாங்க."

கல்வராயன் மலையிலிருந்து அன்று காலை பஸ் ஏறி வந்திருந்த அந்தப் பெண், கடையின் படியில்கூட ஏறாமல் வெளியிலேயே நின்றிருந்தாள். பெயர் ராமாயி என்று சொன்னாள். காலடியில் ஒரு கூடை. சந்தைக்குக் கொண்டுவந்த பலாப்பழத்தில் விற்காத ஒன்று அதில் மிச்சம் இருந்தது. அந்த வாசனைக்கு முன்னால் கடையில் வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை எடுபடவில்லை.

மழைக்காலத்தில் இறந்துபோன தன் மகளை வரைந்து தர வேண்டும் என்று கேட்டு வந்திருந்தாள். கச்சிராயபாளையத்தில் புளி கொடுக்கப் போன ஒரு வீட்டில், செத்துப்போன பெரியம்மா ஒருத்தி உயிரோடு உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் மாட்டியிருந்ததாம். யார் வரைந்தது என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"போட்டோ இல்லாம நான் வரையறது இல்லம்மா. பாக்காத மூஞ்சிய எப்பிடி வரையறது?" என்றார் மாமா. அவர் குரலில் எரிச்சல் இல்லை. இயலாமைதான் இருந்தது.

ராமாயி நகரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போனா எனக்கே தெரியாம பூடுங்க. அவ சத்தம் காதுலயே இருக்குது. மூஞ்சிதான் நழுவிக்கினே போவுது. நேத்தி இருந்தது இன்னிக்கி இல்ல."

மாமா கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரல்களைத்தான் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாதபோது அவர் என்னைப் பார்ப்பது வழக்கம். நான் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஐந்தாம் வகுப்பு.

ஜட்ஜம்மா

ஒரு ஐம்பது வயது மனிதர் ஐந்தாம் வகுப்புப் பெண்ணிடம் ஏன் யோசனை கேட்டார் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ராமாயியிடம் திரும்ப வேண்டும்.

போன வாரம் இந்தத் தொடரில் அப்பாவின் தையல் கடையைப் பற்றி எழுதியபோது, அதன் இடது பக்கச் சுவரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சுவர் என்று சொன்னாலும் அது வெறும் பலகைத் தடுப்புதான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில், ஒரே கடையை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் அப்பாவின் மெஷின். அந்தப் பக்கம் ஆர்டிஸ்ட் ஆறுமுகம்.

அவர் வரைந்ததெல்லாம் இறந்தவர்களை. கட்டைவிரல் அளவு போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதன்மேல் கட்டம் போட்டு, பெரிய பலகையில் எண்ணெய் வர்ணத்தில் பெரிதாக்கித் தருவார். எங்கள் வட்டாரத்து வீடுகளின் கூடத்தில் மாலை போட்டுத் தொங்கிய பெரிய படங்களில் பல அவர் கைப்பட்டவை.

அம்மா ரைஸ் மில்லில் வேலை செய்தாள். அவள் வீடு திரும்பும்வரை, பள்ளிக்கூடம் விட்டதும் நான் அப்பா கடையில் இருக்க வேண்டும். தைத்து, காஜா எடுக்கப் போட்டிருந்த துணிகளுக்கு நடுவில் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? ஒருநாள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்தேன்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் கொடுத்த படம் அப்போது முடியும் தருவாயில் இருந்தது. அந்தப் பெரியவர் வாழ்நாளில் ஒரே ஒரு போட்டோவில்தான் இருந்தார். அதுவும் கல்யாணக் கும்பலில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால், பாதி முகமாக. மீதிப் பாதியை மாமா தானாக வரைந்து முழுசாக்கியிருந்தார்.

நான் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் வேற ஆளு" என்றேன்.

அவர் திரும்பினார். என்னை விரட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "இங்க வா. எங்க வேற ஆளு?" என்றார்.

இடது கன்னத்தைக் காட்டினேன். அது நன்றாகச் சாப்பிட்டவரின் கன்னம். வலது கன்னம் அப்படி இல்லை. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதையே வெகுநேரம் பார்த்தார். மறுநாள் படத்தை வாங்க வந்தவர்களிடம், "இன்னும் வேலை கீது, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து நான் ஜட்ஜம்மா. எந்தப் படமும் நான் பார்க்காமல் கடையைவிட்டு வெளியே போகாது. "எப்பிடி கீது ஜட்ஜம்மா?" என்பார். நான் சொல்லும்வரை தூரிகையை வாயில் கடித்துக்கொண்டு நிற்பார்.

அப்பாவுக்கு இது வேடிக்கை. தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து, "இன்னா ஆர்டிஸ்ட்டே, அஞ்சாங்கிளாஸ் புள்ள பேச்ச கேட்டுக்கினு குந்தியிருக்க" என்பார்.

"பெரியவங்கல்லாம் நகைய பாக்கறாங்க, புடவ கரைய பாக்கறாங்க டெய்லரே. இது மூஞ்சிய பாக்குது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. படம் கேட்டு வருகிறவர்கள் முகத்தைவிட மற்றதைத்தான் அதிகம் பேசுவார்கள். கைக்கடிகாரம் கட்டிவிடச் சொல்வார்கள். சங்கராபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர், தங்கள் அம்மா கழுத்தில் கனமாக ஒரு செயின் போட்டுவிடச் சொன்னார்கள். போட்டோவில் அந்த அம்மாள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருந்தது.

"உசுரோட இருக்கும்போது செயின் போட்டுக்கினு இருந்தாங்களா?" என்று மாமா கேட்டார்.

அண்ணனும் தம்பியும் தரையைப் பார்த்தார்கள்.

"சரி வுடுங்க. இப்பவாவது போட்டுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, இழை இழையாக ஒரு செயினை அவர் வரைந்த அழகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எங்களுக்குள் படத்தைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. வறுத்த வேர்க்கடலையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். என் வகுப்புச் சண்டைகளை அவரிடம் சொல்வேன். நியாயம் என் பக்கம் இல்லாவிட்டால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். மனைவியும் பிள்ளைகளும் களமருதூரில் இருந்தார்கள், நெல்லும் மாடுமாக. வாரக் கடைசியில் ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்று என்னைக் கேட்பார். நான் சொன்னதையே வாங்கியும் போவார். சின்னப் பிள்ளை என்ற வார்த்தையை என்னிடம் அவர் சொன்னதே இல்லை.

அவருக்கு இழுப்பு உண்டு. குனிந்து வேலை செய்யும்போது ஆர்மோனியப் பெட்டியில் காற்று போவதுபோல நெஞ்சு சத்தம் போடும். எந்த முகத்தையும் காதிலிருந்துதான் தொடங்குவார். காரணம் கேட்டேன். "கண்ணுல ஆரம்பிச்சா பயமா இருக்கும். காத யாரும் பாக்கமாட்டாங்க. நம்ம பாட்டுக்கு உள்ள போயிடலாம்" என்றார்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அவர் இறந்துபோனார். களமருதூர் வீட்டில் ஸ்டூடியோ போட்டோ ஒன்றைத்தான் மாட்டியிருந்தார்கள். நான் அதன் முன்னால் நின்று பழைய வழக்கப்படி பார்த்தேன். காது சரியாக இருந்தது. மற்றதில் அவர் கொஞ்சம் கம்மியாகத்தான் இருந்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்தவள்

ராமாயிக்கு வருகிறேன்.

மாமா என்னைப் பார்த்தபோது ராமாயியும் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அவளும் இப்பிடித்தாங்க குந்துவா. முட்டிய சேத்துக்கினு, பைய கட்டிக்கினு. ஒசரமும் இதே ஒசரம்."

மாமா யோசித்தார். தடுப்பின் மேல் எட்டிப் பார்த்து, "டெய்லரே, ஜட்ஜம்மாவ முன்னால குந்த வச்சி ஒரு படம் போட்டுக்கட்டா?" என்று கேட்டார். அப்பா வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். எதற்காக என்று அவரும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

சந்தை நாள் தவறாமல் ராமாயி வந்தாள். சுட்ட பலாக்கொட்டையை முந்தானையில் முடிந்து எனக்காகக் கொண்டுவருவாள். ஸ்டூலில் என்னை உட்காரவைத்து, எதிரே தரையில் குந்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவாள்.

"நெத்தி இவ்ளோ அகலம் இல்லீங்க. முடி இன்னும் கீழ எறங்கியிருக்கும். மூக்கு இதே மாதிரிதான், நுனியில மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

சில சமயம் எழுந்து வந்து, காய்த்துப்போன விரலால் என் தாடையைத் தொட்டு, "இங்க ஒரு குழி" என்று காட்டுவாள். மாமா அதைக் கேட்டுத் திருத்துவார். என்னை யாரும் அதுவரை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் நான் எதுவும் செய்யாமலே அவள் திடீரென்று சிரிப்பாள், நான் அழாமலே என் கன்னத்தைத் துடைத்துவிடுவாள். அப்போதெல்லாம் என் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும்.

"அவ பேரு இன்னா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெள்ளச்சி. செவப்பா பொறந்தான்னு அவங்கப்பா வச்சாரு. அப்பால வெயில்ல அலைஞ்சி கருத்துப் பூட்டா. பேரு மட்டும் அப்பிடியே நின்னுபோச்சி."

பலாமரத்தில் பையன்களுக்கு முன்னால் ஏறிவிடுவாளாம். காடை கத்துவது போலக் கத்துவாளாம். சாமைக் கொல்லையில் குருவி விரட்ட விட்டால், குருவிகளோடு விளையாடிவிட்டு வருவாளாம். அடைமழையில் ஜுரம் வந்திருக்கிறது. பாதை அறுந்துபோய் பஸ் நின்றுவிட்டதால், கம்பில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். கோமுகி அணைத் தண்ணீர் கீழே தெரியும் இடம்வரை பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். "'தண்ணி எவ்ளோ பெருசா இருக்குது பாரும்மா'ன்னா, அதான் கடைசி" என்றாள் ராமாயி.

படம் வளர்ந்தது. பாவாடை சட்டை முடிந்தது. முகமும் முடியப்போகும் நேரத்தில் மாமா தூரிகையைக் கடித்துக்கொண்டு, "எப்பிடி கீது ஜட்ஜம்மா?" என்றார்.

"எனக்குத் தெரியல மாமா. நான் அவள பாத்ததில்லயே."

"நானுந்தான்" என்றார் அவர். பிறகு ராமாயியைப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள் ராமாயி. சொல்லிவிட்டுக் கூடையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள்

அந்த வாரமே எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சள், நகம் மஞ்சள். அம்மா மில்லுக்குப் போவதை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள். உப்பில்லாத கஞ்சி. நான் பாயைவிட்டு எழ முடியாமல் கிடந்தேன்.

என்னைப் பார்க்க வந்த மில்லுக்காரப் பெண் ஒருத்தி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். "ஒம் பொண்ண குந்த வச்சிதான் அந்த ஆர்டிஸ்ட்டு மலைக்காரம்மாவோட செத்த புள்ளைய வரையறாராமே?"

அம்மாவின் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. "யாரு சொன்னா?"

"சந்துல எல்லாருக்கும் தெரியும்."

அம்மா புடவையை உதறிச் செருகிக்கொண்டு, என்னை அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனாள். பிறகு நடந்ததை அப்பாதான் எனக்குச் சொன்னார், அதுவும் நான் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு.

படியிலேயே நின்றுகொண்டு அம்மா கேட்டிருக்கிறாள். "உசுரோட இருக்கற புள்ளைய குந்த வச்சி செத்த புள்ளைய வரையறிங்களே, ஒங்களுக்கும் புள்ளைங்க இருக்குதில்ல? எம் பொண்ணு மூஞ்சிக்கு மாலை போட்டு பொட்டு வச்சி கும்புடுவாங்களா அங்க? இப்ப பாருங்க, கண்ணு மஞ்சளாயி கெடக்குது. அதுக்கு எதனா ஆச்சின்னா யாரு பொறுப்பு?"

சந்து முழுக்க வேடிக்கை பார்த்தது. அப்பா கத்தரிக்கோலோடு எழுந்து ஓடிவந்து, "நான்தான் சரின்னு சொன்னன்" என்றிருக்கிறார். அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா ஒரு துணியை டர்பன்டைனில் நனைத்தார். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னும் காயாமல் இருந்த அந்த முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை அழுத்தித் துடைத்தார். பாவாடை இருந்தது, சட்டை இருந்தது, கை இரண்டும் மடியில் இருந்தன. முகம் இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் கலங்கினாற்போல ஒரு வட்டம்.

"போயி புள்ளைய பாருங்கம்மா" என்றாராம்.

அம்மா சண்டைக்குத் தயாராகப் போயிருந்தாள். சண்டை கிடைக்காமல் திரும்பி வந்தாள். என் தலைமாட்டில் உட்கார்ந்து, "அழிச்சிட்டாரு" என்று மட்டும் சொன்னாள். எனக்கு எதுவும் விளங்கவில்லை. அன்று அவள் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் பக்கத்துக் கடை திறக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. களமருதூரிலிருந்து வந்த ஒருவரிடம் அப்பா விசாரித்தபோது, அங்கேயும் அவர் வரவில்லை என்று தெரிந்தது. நான் பாயில் கிடந்தபடி கண்டதையும் நினைத்துப் பயந்தேன். அம்மாவிடம் கேட்கத் துணிச்சல் இல்லை. ஆனால் தினமும் அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும், அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அம்மாதான் கேட்பாள்.

"கடை தொறந்தாரா?"

"இல்ல."

அவள் அடுப்பில் எரியாத விறகை ஊதிக்கொண்டிருப்பாள்.

கம்பளிக்குள் இருந்தது

ஒரு காலை நேரம் ராமாயி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கம்பளியில் சுற்றிய ஒரு பலகையைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்திருந்தாள்.

அம்மா அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்த உடனே யார் என்று தெரிந்துவிட்டது. கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"இங்க எதுக்கும்மா வந்திங்க?"

"ஒங்கள பாக்கத்தாங்க்கா. புள்ளைக்கு இப்ப எப்பிடி இருக்குது?"

"பரவால்ல. அது இன்னா கையில?"

"படம்."

"வூட்டுக்குள்ள கொண்டாராதிங்க."

"கொண்டாரல. இங்கயே நின்னு காட்டறன். ஒரு தபா பாத்துடுங்க. ஒங்க புள்ள மூஞ்சி இதுல எங்கனா இருந்தா சொல்லுங்க, இங்கயே போட்டு ஒடைச்சிட்டுப் போறன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராமாயி வாசல்படிக்கு வெளியே குந்தினாள். பலகையைப் பிரிக்கவில்லை. பேசத் தொடங்கினாள்.

"நீங்க வந்து பேசிட்டுப் போன மறுநாளே மலைக்கு வந்துட்டாருக்கா. வெள்ளிமலையில எறங்கி எங்க ஊருக்கு நடந்தே வந்திருக்காரு. இழுப்புக்காரரு, மேடு ஏற முடியல. பாதியில குந்திக்கினு இருந்தவர எங்க வூட்டுக்காரருதான் கைத்தாங்கலா இட்டாந்தாரு. வந்ததும் இன்னா சொன்னாரு தெரியுமா? 'நான் படத்த அழிச்சிட்டன்மா'ன்னாரு. நான் ஓன்னு அழுதுட்டன். படம் பூடுச்சேன்னு அழுவறன்னு அவுரு நெனச்சிக்கினாரு. அது இல்லக்கா."

"பின்ன?" என்றாள் அம்மா. கதவைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஒங்க புள்ளைய வாரா வாரம் பாத்துக்கினே இருந்தனா, எம் புள்ள மூஞ்சி இருந்த எடத்துல ஒங்க புள்ள வந்து குந்திக்கிச்சி. கண்ண மூடினா அதுதான் வருது. கொஞ்ச நஞ்சம் இருந்ததும் பூடுச்சி. அவுரு பாடுபட்டு வரையறாரே, எப்பிடி சொல்றதுன்னு வாய மூடிக்கினு இருந்தன். நீங்க வந்து கத்தலன்னா அந்தப் படத்த கொண்டுபோயி மாட்டியிருப்பன். காலத்துக்கும் ஒங்க புள்ளைய பாத்து எம் புள்ளன்னு அழுதுக்கினு இருந்திருப்பன். அத சொல்லத்தான் வந்தன். ஒங்க கோவத்தாலதான் எனக்கு எம் புள்ள திரும்ப கெடைச்சா."

அம்மா கதவை விட்டு விலகி, வாசல்படியில் உட்கார்ந்தாள்.

நான் பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். மாமா அவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டாராம். முகமில்லாத அந்தப் பலகையைப் பலாமரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, வெள்ளச்சியின் தம்பியைப் பார்த்தாராம், அப்பனைப் பார்த்தாராம், சித்தியைப் பார்த்தாராம். ஊரே சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறது. கண் தம்பிக்கு இருப்பது போல என்றார்கள். நெற்றி அப்பனுடையது என்றார்கள். எல்லாம் சேர்த்து வரைந்தும் அவள் வரவில்லை.

"அப்ப எங்க பக்கத்து வூட்டு வாண்டு ஒண்ணு, எம் புள்ளகூட ஆடினது, அது கேட்டுச்சி. 'ஏன் இவ வாய மூடிக்கினு இருக்கறா? அவ வாய மூடி நான் பாத்ததே இல்ல'ன்னுச்சி. இவுரு சிரிச்சாரு பாருக்கா, சிரிச்சி சிரிச்சி இழுப்பே வந்துபோச்சி. 'இத்தினி வருஷத்துல நான் ஒருத்தருக்கும் பல்லே வரைஞ்சதில்லயேம்மா'ன்னாரு. அப்பால வாய தொறந்து வச்சி வரைஞ்சாரு."

ராமாயி கம்பளியைப் பிரித்தாள்.

அம்மா பார்த்தாள். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தேன்.

எனக்குத் தெரியாத ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அகலமான கன்னம். மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். சிரிக்கிற சிரிப்பில் ஒரு கண் பாதி மூடியிருந்தது. எண்ணெய் காணாத முடி காதோரம் பறந்தது. நகை இல்லை, பின்னால் மாமா வழக்கமாகப் போடும் நீலத் திரை இல்லை. பேசிக்கொண்டே இருக்கிறவள், நாம் பார்த்ததும் ஒரு நொடி நிறுத்தியிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. ஜட்ஜம்மா என்று கூப்பிட்டுக் கேட்க அங்கே மாமா இல்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் ஒரு குறையும் இல்லை.

"எம் பொண்ணு இல்ல" என்றாள் அம்மா. பிறகு, "நல்லா சிரிக்கிறா" என்றாள்.

"சிரிச்சிக்கினே இருப்பா."

கொஞ்ச நேரம் இருவரும் படத்தைப் பார்த்தார்கள். அம்மா தன் காலைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணு பூடுச்சி. இவளுக்கு முன்ன, ஆம்பளப் புள்ள. தவழ ஆரம்பிச்சிருந்தான்."

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பதை அன்றுதான் நான் கேட்டேன்.

"மூஞ்சி ஞாபகம் இருக்குதாக்கா?"

"இல்ல." அம்மா தலையை ஆட்டினாள். "கால் ரெண்டும் ஞாபகம் இருக்குது. குட்டி காலு. வூடு பூரா தேச்சிக்கினே போவான், முட்டியெல்லாம் கருப்பா இருக்கும்."

ராமாயி நகர்ந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா இழுத்துக்கொள்ளவில்லை. சற்றுக் கழித்து எழுந்து, "உள்ள வாங்க" என்றாள். "படத்தயும் எடுத்துக்கினு வாங்க. வெயில்ல வைக்காதிங்க, வர்ணம் போயிடும்."

அன்று எங்கள் வீட்டில் பல நாட்களுக்குப் பிறகு உப்பும் புளியும் போட்டுக் குழம்பு கொதித்தது. எனக்குக் கொடுக்கவில்லை. வாசனை மட்டும் கிடைத்தது. மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகும்வரை ராமாயி வெள்ளச்சியைப் பற்றியும், அம்மா அந்தக் குட்டிக் கால்களைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

சந்துக்குள்

மாமா மலையிலிருந்து இறங்கிக் கடை திறந்துவிட்டார் என்று அப்பா வந்து சொன்னபோது, அம்மா எனக்குத் தலை சீவிவிட்டாள். பத்தியம் முடிந்து நான் நடக்க ஆரம்பித்திருந்தேன். மறுநாள் சாயங்காலம் என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

சந்துக்குள் நாங்கள் நுழைந்ததும் டீக்கடையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இன்னொரு சண்டை வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். அப்பாவின் மெஷின் சத்தமும் நின்றது.

மாமா எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். இளைத்திருந்தார். மலை வெயிலில் நெற்றி கருத்திருந்தது. மூச்சு கேட்கிற மாதிரிதான் இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று அம்மாவிடம் அனுமதி கேட்பவர்போல நின்றார்.

"பயத்துல பேசிட்டன்" என்றாள் அம்மா.

"பயம் வரத்தான் செய்யும்மா. நான் ஒங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல."

அம்மா படியேறி உள்ளே வந்தாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னை அவர் முன்னால் கொஞ்சம் தள்ளி நிறுத்தினாள்.

"எனக்கும் ஒரு படம் வேணுங்க. இவள வரைஞ்சி குடுங்க. இவ மூஞ்சிய, இவளுக்குன்னே."

மாமா குனிந்து என் கண்ணை, நகத்தை, கன்னத்தை எல்லாம் பார்த்தார். படம் போடப்போகிறவரின் பார்வை போலத்தான் இருந்தது. நான் முட்டியைச் சேர்த்து நிமிர்ந்து நின்றேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதுக்கு எதுக்கும்மா படம்?" என்றார். "தோ, நிக்குதே. பாத்துக்கங்க."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். மஞ்சள் இன்னும் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறவள்போல முதலில் பார்த்தாள். பிறகு, எதையும் தேடாமல், சும்மா பார்த்தாள்.